முத்திரை இல்லாத பிரதி: பழைய உருது நூல்கள் முதல் இன்றைய மென்பொருள் வரை

வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விஷாரம் ஆகிய ஊர்களின் பழைய வீடுகளில் பாட்டனார் காலத்து உருது நூல்கள் இன்றும் பேணப்பட்டு வருகின்றன. கரையான் தின்றது போக எஞ்சிய அந்நூல்களின் முதற்பக்கத்தையோ பின்னட்டையையோ நிதானமாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு சிறு அறிவிப்பு கண்ணில் படக்கூடும். நூலாசிரியரின் முத்திரையோ கையொப்பமோ இல்லாத பிரதி திருட்டுப் பொருளாகக் கருதப்படும் என்பது அதன் சாரம். 'மாலே மஸ்ரூகா' என்று உருதுவில் எழுதியிருப்பார்கள். களவு போன உடைமை என்று பொருள்.

இன்று நம் பிள்ளைகள் கணினியில் ஒரு மென்பொருளை நிறுவும்போது இருபத்தைந்து எழுத்துகள் கொண்ட ஒரு சாவியை அது கேட்கிறது. அந்தச் சாவியின் மூதாதை இந்த முத்திரையே என்று நான் கருதுகிறேன். இடைப்பட்ட நூற்றைம்பது ஆண்டுகளில் நடந்தவற்றை நம் வட்டாரத்து வணிகக் குடும்பங்கள் அறிந்திருப்பது நல்லது. கைக்குத் தட்டுப்படாத ஒன்று உடைமை ஆகுமா என்ற ஒரே கேள்வி அந்த வரலாறு முழுவதும் ஓடிக்கொண்டிருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கல்லச்சு எனும் லித்தோ முறை இந்தியா எங்கும் பரவியது. அச்செழுத்து வார்க்கத் தேவையில்லை. நல்ல கையெழுத்துள்ள ஒரு காத்திபும் ஒரு கல்லும் இருந்தால் போதும். 1858இல் லக்னோவில் தொடங்கிய நவல் கிஷோர் அச்சகம் போன்ற பெரிய நிறுவனங்கள் வளர்ந்தது இந்த முறையால்தான். ஓர் ஊரில் வெளியான நூலை இன்னோர் ஊரில் எவரும் பார்த்தெழுதி அச்சிட்டு விற்றதும் இதே முறையால்தான். கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சி 1847ஆம் ஆண்டிலேயே இருபதாவது சட்டமாகப் பதிப்புரிமைச் சட்டம் ஒன்றை இயற்றியிருந்தது. ஆயினும் நெடுந்தொலைவில் உள்ள அச்சகத்தார் மீது வழக்காட ஓர் ஏழை ஆலிமுக்கு வசதி ஏது? எனவே நூலாசிரியர்கள் ஒவ்வொரு பிரதியிலும் தம் முத்திரையைப் பதித்தார்கள்.

அந்த முத்திரை மூன்று வேலைகளைச் செய்தது. இது உண்மைப் பிரதி என்று சான்று சொன்னது. அச்சகத்தார் ஒப்புக்கொண்ட எண்ணிக்கைக்கு மேல் ஆசிரியர் அறியாமல் அடித்து விற்பதைத் தடுத்தது. கடைசியாக, வாங்குபவரின் மனச்சாட்சியிடம் முறையிட்டது. முதல் இரண்டையும் போலி முத்திரை செய்து முறியடிக்கலாம். மூன்றாவதை வாங்குபவர் மட்டுமே முறியடிக்க முடியும்.

அக்காலத்து உலமாக்கள் எல்லோரும் இந்த முத்திரைக்கு ஆதரவாக இருந்தார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். மௌலானா அஷ்ரஃப் அலீ தானவி (ரஹ்) அவர்கள் தம் நூல்களுக்கு உரிமை கொண்டாடவில்லை. யார் வேண்டுமானாலும் அச்சிட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். உருது பேசும் குடும்பங்களில் மணப்பெண்ணுக்குச் சீராக வழங்கப்பட்ட அவர்களுடைய 'பிஹிஷ்தி ஜேவர்' எண்ணற்ற அச்சகங்களில் அச்சாகி வீடுவீடாகச் சென்றதற்கு இதுவும் ஒரு காரணம். அவர்களுடைய மாணவர் வழிவந்த முஃப்தி முஹம்மது ஷஃபீ (ரஹ்) அவர்கள் இதுபற்றித் தனிக் கட்டுரையே எழுதினார்கள். நூலை வாங்கியவர் அதன் முழு உரிமையாளர். தம் பொருளைப் பார்த்து இன்னொன்று செய்துகொள்வதைத் தடுக்க விற்றவருக்கு உரிமை இல்லை. அத்தகைய தடை, அறிவைப் பூட்டி வைப்பதாகவும் முடியும் என்பது அவர்களின் நிலைப்பாடு.

இதன் பின்னணியில் ஃபிக்ஹின் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. பழைய ஹனஃபி நூல்களில் 'மால்' எனும் உடைமை, கையில் கொள்ளவும் சேமித்து வைக்கவும் இயலும் பொருளைக் குறிக்கும். பயன்பாடும் வெறும் உரிமையும் அதில் அடங்கா. ஷாஃபிஈ மத்ஹபிலோ பயன்பாடும் உடைமையே. காயல்பட்டினம், கீழக்கரை எனக் கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈ வழி பரவியிருக்க, வேலூர் தோல் வட்டாரத்தில் ஹனஃபி வழியே மேலோங்கியுள்ளது. அதனால் "பார்த்து எழுதியதற்கு என்ன களவு?" என்ற கேள்வி நம் பக்கம் எழுந்தபோது, அது வெறும் சாக்காக மட்டும் இருக்கவில்லை. அதற்குப் பின்னால் மதிப்புக்குரிய ஒரு சட்ட மரபும் இருந்தது. இதை மறைத்துவிட்டு வரலாறு எழுதுவது நேர்மையாகாது.

முஃப்தி ஷஃபீ அவர்களுடைய மகன் முஃப்தி தகீ உஸ்மானீ அவர்களே பின்னாளில் இந்த முடிவிலிருந்து வேறுபட்டார்கள். எவரும் முந்தியடையாத ஒன்றை முதலில் அடைந்தவருக்கே அதில் முன்னுரிமை என்ற கருத்தில் வரும் நபிமொழியையும், ஒரு பொருளை உடைமையாக்குவதில் வணிகர்களின் வழக்கத்துக்கு உள்ள இடத்தையும் அவர்கள் சான்றாகக் கொண்டார்கள். வழக்கத்தில் மக்கள் ஒன்றை விலை கொடுத்து வாங்கி விற்றால் அதுவும் மால் ஆகும் என்பது ஹனஃபி மரபுக்குள்ளேயே உள்ள வாசல். மகன் தந்தையிடமிருந்து வேறுபட்டார். ஆனால் தந்தையின் அளவுகோலைக் கொண்டே வேறுபட்டார். 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, வணிகப் பெயர், வணிகக் குறி, நூலுரிமை, கண்டுபிடிப்பு உரிமை ஆகியன இக்கால வழக்கில் மதிப்புள்ள உடைமைகளாகிவிட்டன என்றும், ஷரீஅத் அவற்றைப் பாதுகாக்கிறது என்றும், அவற்றில் அத்துமீறுவது கூடாது என்றும் தீர்மானம் நிறைவேற்றியது.

தோல் வணிகருக்கு இந்தத் தீர்மானம் வியப்பைத் தந்திருக்காது. பதனிட்ட தோலின் சதைப்புறத்தில் அதன் சதுர அடியை எண்ணால் குறிக்கிறோம். வாங்குபவர் அந்த எண்ணை நம்பியே விலை பேசுகிறார். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிடப்பட்டு லண்டன் சந்தைக்குப் போன நம் தோலுக்கு 'ஈஸ்ட் இந்தியா' என்ற பெயரே மதிப்பாக நின்றது. அந்தப் பெயரை வேறு எவரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் 'ஈ.ஐ. லெதர்' என்று புவிசார் குறியீட்டுப் பதிவும் பெறப்பட்டது. ஒரு பெயர், பிடித்துப் பார்க்க முடியாத வெறும் பெயர், சொத்து என்று நாமே வாதாடிப் பெற்றுக்கொண்டோம்.

இனி மென்பொருளுக்கு வருவோம். மென்பொருளை நகலெடுக்கும் சண்டை, தனிநபர் கணினி பிறந்தபோதே பிறந்தது. 1976 பிப்ரவரியில், அப்போது இருபது வயதே ஆன பில் கேட்ஸ், தம் பேசிக் மொழிபெயர்ப்பியை ஆர்வலர்கள் காசு கொடுக்காமல் நகலெடுக்கிறார்கள் என்று பகிரங்கக் கடிதம் எழுதினார். ஆனால் நமக்கு அதிகம் கற்றுத்தருவது லாகூரில் நடந்த கதைதான்.

பாஸித் ஃபாரூக் அல்வி, அம்ஜத் ஃபாரூக் அல்வி என்ற இரு சகோதரர்கள் லாகூரின் அல்லாமா இக்பால் டவுனில் 'பிரெயின்' என்ற பெயரில் கணினிக் கடை நடத்தினார்கள். தாங்கள் எழுதிய மருத்துவ மென்பொருளை வாங்கியவர்கள் நகலெடுத்துப் பரப்புவதைக் கண்டு, 1986இல் ஃபிளாப்பி தட்டின் தொடக்கப் பகுதியில் ஒளிந்துகொள்ளும் ஒரு நிரலை எழுதினார்கள். நகல் எங்கே போனாலும் அந்த நிரலும் கூடவே போகும். அதற்குள் தங்கள் பெயரையும் கடை முகவரியையும் தொலைபேசி எண்களையும் எழுதி வைத்திருந்தார்கள். ஐபிஎம் வகைக் கணினிகளில் பரவிய முதல் வைரஸ் என்று உலகம் அதைக் குறிக்கிறது. பழைய நூலாசிரியரின் முத்திரை தானே நடக்கக் கற்றுக்கொண்டது போன்ற செயல் அது. சிறிது காலத்தில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலிருந்து அந்தத் தொலைபேசிக்கு அழைப்புகள் வரத் தொடங்கின.

கதையின் மறுபாதி அவ்வளவு இனிமையானதன்று. 1988இல் அமெரிக்காவின் 'டைம்' இதழ் எழுதியபடி, அதே கடையில் லோட்டஸ், வேர்ட்ஸ்டார் போன்ற அமெரிக்க மென்பொருள்களின் நகல்கள் மிகக் குறைந்த விலைக்கு விற்கப்பட்டன. வெளிநாட்டவருக்கு விற்ற நகலில் வைரஸ் இருந்தது. உள்நாட்டவருக்கு விற்றதில் இல்லை. பாகிஸ்தானின் பதிப்புரிமைச் சட்டம் அப்போது மென்பொருளுக்குப் பொருந்தாது, ஆகவே உள்நாட்டவர் செய்வது களவாகாது என்பது அவர்கள் சொன்ன விளக்கம். தம் உழைப்புக்கு முத்திரை, பிறர் உழைப்புக்குச் சட்டத்தின் ஓட்டை! லாகூரைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன் நம் கடைத்தெருவையும் ஒருமுறை நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இந்தியாவில் அந்த ஓட்டை முன்பே அடைக்கப்பட்டிருந்தது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1984இல் திருத்தப்பட்டபோது கணினி நிரலும் இலக்கியப் படைப்பின் வரையறைக்குள் வந்தது. 1995 மே 10 முதல் நடைமுறைக்கு வந்த அடுத்த திருத்தம் இன்னும் கூர்மையானது. அதன்படி சேர்க்கப்பட்ட 63பி பிரிவு, நகலெடுத்து விற்பவரைத் தாண்டி, திருட்டு நகல் என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்துபவரையும் தண்டிக்கிறது: குறைந்தது ஏழு நாள், அதிகம் மூன்றாண்டு சிறை, ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம். வணிக ஆதாயத்துக்காகப் பயன்படுத்தவில்லை என்றால் நீதிமன்றம் சிறையை விட்டு அபராதத்தோடு நிறுத்தலாம். முறையாக வாங்கியவர் பாதுகாப்புக்காக ஒரு நகல் வைத்துக்கொள்வதை இதே சட்டம் அனுமதிக்கிறது. 2012இல் சேர்ந்த 65ஏ பிரிவு, பூட்டை உடைப்பதையே தனிக் குற்றமாக்கியது.

சட்டம் ஒருபுறம் இருக்க, பூட்டின் வரலாறு சுவையானது. விண்டோஸ் 95 காலத்துச் சாவியில் மூன்று இலக்கமும் ஏழு இலக்கமும் இருந்தன. பின்னுள்ள ஏழு இலக்கங்களின் கூட்டுத்தொகை ஏழால் மீதியின்றி வகுபட்டால் போதும், கணினி ஏற்றுக்கொள்ளும். பத்து இடத்திலும் ஒன்று என்று தட்டினாலே வேலை முடிந்தது! வெறும் கணக்கால் சரிபார்க்கும் எண்ணை, அந்தக் கணக்கைக் கண்டுபிடித்தவர் எவரும் உண்டாக்கிவிடலாம். பின்னர் வந்த சாவிகளில் மறைகுறியியல் புகுந்தது. நிறுவனம் தன்னிடம் மட்டும் உள்ள ரகசிய எண்ணால் சாவிக்கு ஒப்பமிடும். நம் கணினியில் உள்ள மென்பொருள் அந்த ஒப்பத்தைச் சரிபார்க்கும், ஆனால் தானாக ஒப்பமிட இயலாது. முத்திரையை அடையாளம் காணலாம், செய்ய முடியாது.

அதுவும் போதவில்லை. 2001இல் விண்டோஸ் எக்ஸ்பி கடைக்கு வருமுன்பே, பெருநிறுவனங்களுக்கென வழங்கப்பட்ட உண்மையான சாவி ஒன்று கசிந்து உலகெங்கும் பரவியது. போலியன்று, அசல் சாவிதான்; ஒருவருக்குரியதை எல்லோரும் திருப்பினார்கள். ஆகவே சாவி உண்மையா என்பதோடு, அது எத்தனை கணினிகளில் பயன்படுகிறது என்றும் இணையத்தின் வழியே எண்ணும் 'ஆக்டிவேஷன்' முறை நிலைபெற்றது. அச்சகத்தார் கூடுதலாக அடிக்கிறாரா என்று ஆசிரியர் எண்ணிப் பார்த்ததும் இதுவே. 'கிராக்' என்பதோ வேறு வகை. அது சாவியைச் செய்வதில்லை. சாவி கேட்கும் பகுதியையே மென்பொருளிலிருந்து அறுத்துவிடுகிறது. அறிவிப்பு இருந்த பக்கத்தைக் கிழித்துவிட்டுப் புத்தகத்தை விற்பது போல. கிழித்த இடத்தில் வேறு எதை ஒட்டியிருக்கிறார்கள் என்று வாங்கியவருக்குத் தெரியாது. டேனரியின் ஏற்றுமதி ஆவணங்களும் வங்கிக் கடவுச்சொல்லும் உள்ள கணினியில் முகம் தெரியாத ஒருவரின் ஒட்டுவேலை உட்கார்ந்திருக்கும்.

நம் வட்டாரத்தில் இந்தக் கேள்வி அதிகமாக எழுந்தது டேலி விஷயத்தில்தான். பெங்களூரில் ஷியாம் சுந்தர் கோயங்காவும் அவர் மகன் பரத் கோயங்காவும் 1986இல் தொடங்கிய நிறுவனத்தின் கணக்கு மென்பொருள் அது. அமெரிக்கப் பெருநிறுவனத்தின் பொருளைத்தானே எடுக்கிறோம் என்ற சமாதானம் இங்கே செல்லாது. ராணிப்பேட்டையிலிருந்து ரயிலில் போய்வரும் தொலைவில் எழுதப்பட்ட பொருள் இது. ஒரு காலத்தில் கணினியின் பின்புறம் செருகும் 'டாங்கிள்' என்ற சிறு பூட்டோடு வந்தது. பின்னர் வரிசை எண்ணும் ஆக்டிவேஷன் சாவியும் வந்தன. உரிமம் இல்லாவிட்டால் 'எஜுகேஷனல்' நிலையில் மாதத்தின் 1, 2, 31 ஆகிய தேதிகளில் மட்டும் பதிவு செய்ய விடும். டேலி பயின்ற பிள்ளைகள் எல்லோருக்கும் அந்த மூன்று தேதிகள் மனப்பாடம். தமிழகத்தில் 2007 ஜனவரியில் வாட் வரியும், 2017 ஜூலையில் ஜிஎஸ்டியும் வந்தபின், தோல் மண்டியின் சிறு கடைக்காரருக்கும் கணினிக் கணக்கு தவிர்க்க முடியாததாகிவிட்டது.

அந்தக் கணக்கில் என்னென்ன இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். தொழிலாளரின் கூலி, கச்சாத் தோல் தந்தவரின் பாக்கி, ரமளானில் பிரித்தெடுக்க வேண்டிய ஜகாத். ஜகாத்தின் கடைசிப் பைசா வரை கணக்கிடும் கருவியே பிறர் உடைமையாக இருப்பது விந்தையான நிலை. சவூதி அரேபியாவின் நிரந்தர ஃபத்வா குழுவிடம் மென்பொருள் நகல் பற்றிக் கேட்கப்பட்டபோது, உரிமையாளர் தடுத்திருந்தால் அவர் அனுமதியின்றி நகலெடுக்கக் கூடாது என்று பதிலளித்தது. முஸ்லிம்கள் தாம் ஒப்புக்கொண்ட நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டவர்கள் என்ற நபிமொழி அதற்கு ஆதாரம். உரிமையாளர் முஸ்லிமா, பிற சமயத்தவரா என்பதால் தீர்ப்பு மாறாது என்றும் அக்குழு தெளிவுபடுத்தியது. சொந்தப் படிப்புக்காக மட்டும் நகலெடுக்கும் மாணவர் விஷயத்தில் சில ஆலிம்கள் சற்றே இளக்கம் காட்டியதுண்டு. வணிகத்துக்கு அந்த இளக்கம் நீளவில்லை.

ஏற்றுமதியாளர்களுக்கு இன்னொரு செய்தி. 2011இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. களவு மென்பொருளைப் பயன்படுத்தித் தொழில் நடத்தும் உற்பத்தியாளர் தம் பொருளை அங்கே விற்றால், முறையாகக் காசு கொடுத்து மென்பொருள் வாங்கிய போட்டியாளருக்கு அநீதி இழைத்ததாகக் கொண்டு வழக்குத் தொடரலாம். 2012இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் தாய்லாந்தின் கடலுணவு நிறுவனம் ஒன்று இதே போன்ற விவகாரத்தில் பத்தாயிரம் டாலர் செலுத்தியது. 2013 ஜனவரியில் கலிஃபோர்னியா அரசு வழக்கறிஞர், சீன நிறுவனம் ஒன்றின் மீதும் இந்திய ஆடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் மீதும் இத்தகைய குற்றச்சாட்டுடன் வழக்கிட்டார். ஆடைக்கு வந்தது காலணிக்கு வராது என்பதற்கு உத்தரவாதம் எதுவும் இல்லை. ஆம்பூரில் காலணி வடிவமைக்கும் கணினிகளும் அதே கடல் கடந்த கடைகளுக்காகத்தான் இயங்குகின்றன.

காசு கொடுத்து வாங்கியவர்கள் தம் எண்ணைக் காப்பதும் ஒரு வேலை. வரிசை எண் அச்சான ஒட்டுத்தாளைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் அனுப்பிவிட்டு, பின்பு வேறு எங்கோ அது ஆக்டிவேட் ஆகிவிட்டது என்று வருந்துபவர்கள் உண்டு. கணக்குப்பிள்ளையின் சொந்த மின்னஞ்சலில் உரிமத்தைப் பதிவு செய்துவிட்டு, அவர் வேலையை விட்டுப் போனபின் தவிக்கும் கடைகளும் உண்டு. விலைச்சீட்டும் எண்ணும் கடையின் பெயரிலுள்ள மின்னஞ்சலும் பீரோவில் பத்திரத்தோடு சேர வேண்டியவை.

விலை தாங்காதவர்களுக்கு வழி என்ன? தானவி (ரஹ்) அவர்கள் காட்டிய வழி மென்பொருளிலும் உண்டு. உரிமையாளர் தாமே மனமுவந்து திறந்துவிடுவது. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் அறிவித்த குனூ திட்டத்திலிருந்து இன்றைய லினக்ஸ், லிப்ரே ஆஃபிஸ் வரை அந்த வழியில் வந்தவையே. 2006க்குப் பின் உமாசங்கர் ஐ.ஏ.எஸ். தலைமையில் தமிழக அரசின் எல்காட் நிறுவனம் லினக்ஸுக்கு மாறியது. 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கப்பட்ட இலவச மடிக்கணினிகளில் விண்டோஸோடு சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பெரும்பாலான பிள்ளைகள் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பது என் எண்ணம்.

நம் சமுதாயத்திலேயே இவ்வழியில் நடந்தவர் அதிராம்பட்டினத்தின் உமர்தம்பி (ரஹ்). 1953இல் பிறந்தவர், துபாயில் பணியாற்றியவர். கணினித் திரையில் தமிழ் தெரிந்தால் போதும் என்று தவித்த காலத்தில் 'தேனீ' ஒருங்குறி எழுத்துருவை உருவாக்கினார். வாசகரின் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டாலும் பக்கம் திறந்தவுடன் தமிழ் தெரிய வகைசெய்யும் இயங்கு எழுத்துருவையும், எழுத்துரு மாற்றும் கருவிகளையும் ஆக்கித் தந்தார். தொடக்ககாலத் தமிழ் வலைப்பதிவுகள் பலவும் அந்த எழுத்துருவில்தான் வாசிக்கப்பட்டன. 2006 ஜூலையில், ஐம்பத்து மூன்றாம் வயதில் அவர் இறையடி சேர்ந்தார். தாம் ஆக்கியவற்றை அவர் விலைக்கு விற்கவில்லை. தேனீயை நிறுவியவர் எவரிடமும் அது வரிசை எண் கேட்டதில்லை.